கழலாத புல்லி நட்டு, தேய்ந்த புஷ்: லூகாஸ் டைனமோவை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

மோரிஸ் மைனர் 1000, பழைய அம்பாசிடர் மாதிரி வண்டிகளில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர் அல்ல, டைனமோ. மைனரில் லூகாஸ் சி39 வகை வந்தது, பிறகு சி40. உள்ளே அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். புல்லி இருக்கும் முன்பக்கத்தில் ஆர்மேச்சர் (செப்புச் சுருள் சுற்றிய சுழலும் பகுதி) ஷாஃப்ட் ஒரு பால் பேரிங்கில் சுற்றும். கம்யூட்டேட்டரும் (ஆர்மேச்சர் முனையில் இருக்கும் செப்புப் பட்டை வளையம்), அதில் உரசி மின்சாரத்தை வெளியே எடுக்கும் பிரஷ்ஷும் இருக்கும் பின்பக்கத்தில் பேரிங் கிடையாது, ஷாஃப்டைத் தாங்க ஒரு வெண்கலக் குழலான புஷ் மட்டும்தான். முதலில் தேய்வது பெரும்பாலும் அந்தப் புஷ்தான்.

புஷ் சின்னச் சாமான், விலையும் அதிகமில்லை. அதை மாற்றப்போய் டைனமோவையே வீணாக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு கேட்பதில்லை. அவர்கள் கொண்டுவரும் டைனமோவில் நட்டு முழுசாக இருக்கும். உடைந்திருப்பது ஃபேன் இதழ், புல்லியின் விளிம்பு, டைனமோவின் முனையை மூடும் அலுமினியப் பிராக்கெட்டின் காது. நட்டைத் திருப்பும்போது எதைப் பிடித்துக்கொண்டார்களோ அதுதான் உடைந்திருக்கும். அதனால் இங்கே திருப்புவதைவிடப் பிடிப்பதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனைகள் தவிர, எதைக் கழற்றுமுன்பும் பேட்டரி கேபிளைக் கழற்றிவிடுங்கள். டைனமோவில் இரண்டு வயர் இருக்கும்: பெரிய முனையில் 'டி', சிறிய முனையில் 'எஃப்'. பழைய வயரில் நிறம் மங்கிப்போயிருக்கும், கழற்றும்போதே அடையாளம் கட்டிவிடுங்கள்.

அறிகுறி: கீச்சுச் சத்தம், சிவப்பு விளக்கு மினுக்குகிறது

எஞ்சின் வேகம் ஏற ஏறக் கீச்சென்ற சத்தம் கூடுகிறது, டாஷ்போர்டில் சார்ஜிங் விளக்கு அணையாமல் மினுக்குகிறது என்றால் முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் சந்தேகம் மூன்றில்தான்: பெல்ட், வாட்டர் பம்ப், டைனமோ. இப்போது எஞ்சினை நிறுத்தி டைனமோ புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று மணல் அரைபடுவதுபோல் இருந்தால் முன் பேரிங். சுற்றுவது வழுவழுப்பாக இருந்து, மேலும் கீழும் ஆட்டினால் புல்லி லேசாகச் சாய்கிறது, உள்ளே 'டக் டக்' என்று எதிலோ தட்டுகிறது என்றால் பின் புஷ்.

புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சரின் பின்பகுதி தொங்கிப்போகும். கம்யூட்டேட்டர் நடு விலகிச் சுற்றும், பிரஷ் துள்ளும், பொறி பறக்கும், அதனால்தான் விளக்கு மினுக்குகிறது. இன்னும் தேய்ந்தால் ஆர்மேச்சரே, கூட்டின் உள்பக்கம் இருக்கும் காந்தக் கட்டையான 'போல் ஷூ'வில் உரசும். டைனமோவைப் பிரித்ததும் ஆர்மேச்சரின் தகட்டு அடுக்கைப் பாருங்கள். பின்பாதி மட்டும் அரம் போட்டதுபோல் பளபளவென்று தேய்ந்திருந்தால் வேறு பரிசோதனையே வேண்டாம், புஷ் போய்விட்டது.

முதலில் கேட்க வேண்டியது: புல்லியைக் கழற்றத்தான் வேண்டுமா?

பின் புஷ்ஷை மட்டும் மாற்றுவதானால் புல்லியைத் தொடத் தேவையில்லை. பின்பக்கமிருந்து உள்ளே போகும் இரண்டு நீள போல்ட்டுகளைக் கழற்றினால் பின் பிராக்கெட் தனியாக வந்துவிடும். புல்லி, ஃபேன், முன் பிராக்கெட், ஆர்மேச்சர் எல்லாம் ஒரே கட்டாக முன்பக்கம் உருவிக்கொள்ளலாம். இது தெரியாமல் நட்டோடு அரைநாள் மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆனால் புஷ் ரொம்ப நாளாகத் தேய்ந்து கிடந்தால் கம்யூட்டேட்டரும் வட்டம் கெட்டிருக்கும். அதை லேத்தில் ஏற்றிச் சீவ வேண்டும், அதற்கு ஆர்மேச்சர் தனியாக வர வேண்டும். முன் பேரிங்கும் கரகரக்கிறது என்றாலும் அப்படியே. அந்த இரண்டு சமயத்தில் மட்டும் புல்லி நட்டுக்குப் போங்கள்.

அறிகுறி: ஸ்பேனரைத் திருப்பினால் ஷாஃப்டும் சேர்ந்து சுற்றுகிறது

எல்லாருக்கும் முதலில் வரும் சிக்கல் இது. ஃபேன் இதழுக்கிடையே ஸ்க்ரூ டிரைவரைச் செருகிப் பிடிப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வதும். செய்யாதீர்கள். அந்த ஃபேன் மெல்லிய தகடு. வளைந்தால் ஓடும்போது பிராக்கெட்டில் உரசும், இதழ் விட்டால் டைனமோ முழுவதும் அதிரும். புல்லி விளிம்பை வைஸில் கவ்வுவதும் அதே ரகம்: 'வி' பள்ளத்தின் ஓரம் ஒருமுறை நசுங்கினால் போடும் பெல்ட்டையெல்லாம் தின்றுவிடும்.

டைனமோ இன்னும் வண்டியிலேயே இருந்தால் வேலை சுலபம். பெல்ட்டை வழக்கத்தைவிடச் சற்று இறுக்கி வைத்து, வண்டியை டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பெல்ட்டின் நீளமான பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நட்டை ஸ்பேனரால் வெடுக்கென்று ஒருமுறை திருப்புங்கள். சாதாரண வலது மரைதான். நட்டுக்கு நேரே நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் கழலும். நட்டு 'டக்'கென்று விட்டுவிட்டால் போதும், அப்படியே விட்டுவிட்டு டைனமோவை இறக்குங்கள்.

இறக்கிவிட்டீர்கள் என்றால் ஒரு பழைய ஃபேன் பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் புல்லிப் பள்ளத்தில் சுற்றி, புல்லியை விட்டு வெளியே வரும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, புல்லிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைஸில் இறுக்குங்கள். விரல் அகல இடைவெளி விட்டாலே பெல்ட் வழுக்கும். பெல்ட்டிலும் பள்ளத்திலும் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது, பெட்ரோலில் துடைத்துவிடுங்கள். பலம் பள்ளம் முழுக்கப் பரவுவதால் விளிம்பு நசுங்காது.

இதிலும் வழுக்கினால் நீள போல்ட்டைக் கழற்றி ஆர்மேச்சரை முன் பிராக்கெட்டோடு வெளியே எடுங்கள். வைஸ் வாயில் இரண்டு பக்கமும் மரத்துண்டு வைத்து, ஆர்மேச்சரின் தகட்டு அடுக்கை மட்டும் கவ்வுங்கள். கம்யூட்டேட்டரிலும் செப்புச் சுருளிலும் வைஸ் வாய் படவே கூடாது. டைனமோவின் வெளிக்கூட்டைக் கவ்வி இறுக்குவதில் பயன் இல்லை. கூடு நிற்கும், ஷாஃப்ட் சுற்றும். கூடு வட்டம் கெட்டதுதான் மிச்சமாகும்.

அறிகுறி: பிடிப்பு உறுதி, ஆனாலும் நட்டு அசையவில்லை

பலத்தைக் கூட்டுமுன் ஷாஃப்ட் முனையை உற்றுப் பாருங்கள். முன்பு யாரோ புல்லியை எடுப்பதற்காகச் சுத்தியலால் அடித்திருந்தால் முனை காளான் குடைபோல் விரிந்திருக்கும். நட்டு அந்த விரிந்த இடத்தைத் தாண்டாது. எவ்வளவு திருப்பினாலும் மரைதான் வழித்துக்கொண்டு போகும். முக்கோண அரத்தால் விரிந்த ஓரத்தைச் சுற்றிச் சரித்து அராவி, முதல் மரையைத் தெளிவாக்குங்கள். பிறகு ஒயர் பிரஷ்ஷால் மரைக்கு நடுவே இருக்கும் துருவையும் பழைய பெயின்டையும் எடுங்கள்.

அடுத்து, துருவுக்குள் ஊறி இறங்கும் எண்ணெய். டைனமோவை புல்லி மேல்பக்கம் இருக்கும்படி நிறுத்தி வைத்தால்தான் எண்ணெய் நட்டுக்குள் இறங்கும். படுக்க வைத்து அடித்தால் வழிந்து ஃபேனுக்குத்தான் போகும். நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் இருக்கிறது, அதன் வெட்டு வாயிலும் சில சொட்டு விடுங்கள். ஒரு இரவு ஊறட்டும். இடையிடையே நட்டின் பக்கங்களைச் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் துரு விரிசல் விடும். ஷாஃப்ட் முனையில் தட்டாதீர்கள், அந்த அடி நேராகப் பேரிங் குண்டுக்குத்தான் போகும்.

மறுநாள் ஆறுமுனை சாக்கெட் போட்டு, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு துளி அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் வெடுக்கென்று திருப்புங்கள். ஸ்பேனருக்கு குழாய் மாட்டி நீளமாக இழுப்பதைவிடக் குட்டையான, வேகமான அடிதான் துருவை உடைக்கும். இம்பாக்ட் கன் இருந்தால் இங்கே அதற்கு ஈடில்லை. சுழலும் ஆர்மேச்சரின் எடையே எதிர்ப்பலமாக நிற்பதால், பெல்ட்டால் கையில் பிடித்துக்கொண்டாலே நட்டு வந்துவிடும்.

அங்குல அளவு நட்டு இது. மில்லிமீட்டர் ஸ்பேனரில் கிட்டத்தட்ட உட்காருவதைப் பிடித்துத் திருப்பாதீர்கள். ஆட்டம் காணும் ஸ்பேனர்தான் முனையை மழுக்குகிறது.

சூடு கடைசி வழி. எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு, சின்ன டார்ச்சால் நட்டை மட்டும் சட்டென்று சூடாக்குங்கள். நட்டு ஷாஃப்டுக்கு முந்தி விரிய வேண்டும். ஆற அமரச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்தே விரியும். சூடு ஷாஃப்ட் வழியே இறங்கிப் பேரிங் கிரீஸை உருக்கும். பேரிங்கை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் கவலையில்லை. இல்லையென்றால் டார்ச்சை எடுக்காதீர்கள்.

அறிகுறி: நட்டு பாதி வந்து இறுகிவிட்டது

வந்தவரை வந்தது என்று இழுத்துவிடாதீர்கள். மரைக்குள் பிசிறு உருண்டு சிக்கியிருக்கிறது. திரும்ப உள்ளே அரைச்சுற்று ஏற்றி, எண்ணெய் விட்டு, கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே என்று மாற்றி மாற்றிக் கொண்டுவாருங்கள். பழுப்பாக எண்ணெய் கசியும், அதைத் துடைத்துப் புது எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். கசியும் எண்ணெய் வெளுத்து வந்தால் துரு வெளியேறிவிட்டது.

அறிகுறி: நட்டு முனை மழுங்கிவிட்டது

கிரிப் பிளையரால் கடித்து இழுத்து மழுக்கிக்கொண்டே போகவேண்டாம். நட்டை வெட்டி எறிவதுதான் இங்கே சிக்கனம், ஏனென்றால் நட்டு கிடைக்கும், ஆர்மேச்சர் கிடைக்காது. ஆக்சா பிளேடை ஷாஃப்டுக்கு இணையாக வைத்து நட்டின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக அறுங்கள். மரையின் நுனி கண்ணில் படுமுன் நிறுத்துங்கள். அந்த வெட்டில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் நட்டு வாய் பிளக்கும். தட்டும்போது நட்டின் எதிர்ப்பக்கத்தில் கனமான இரும்புக் கட்டியை அண்டக்கொடுங்கள், இல்லையென்றால் ஷாஃப்ட் வளையும். நட் ஸ்பிளிட்டர் இருந்தால் இன்னும் சுத்தம்.

அறிகுறி: நட்டு வந்துவிட்டது, புல்லி வரவில்லை

ஸ்க்ரூ டிரைவரைப் புல்லிக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே விட்டு நெம்பினால் உடைவது பிராக்கெட்தான். அது அலுமினிய வார்ப்பு. எஞ்சினில் டைனமோவை மாட்டும் காதும் அதிலேயே இருக்கிறது. காதில் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்தும் நேர்கோடு திரும்புவதில்லை.

புல்லியை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரின் நகத்தை விளிம்பில் மாட்டாமல், புல்லியின் நடுக்குமிழுக்குப் பின்னால் மாட்டுங்கள். நகம் தடிமனாக இருந்து நுழையவில்லை என்றால் நகத்தை அராவி மெலிதாக்கலாம்; புல்லியை வெட்டாதீர்கள். ஷாஃப்ட் மரையைக் காக்க, நட்டைத் திரும்பப் போட்டு முனையோடு சமமாக நிறுத்தி, அதன்மேல் புல்லர் திருகு உட்காரும்படி வையுங்கள். திருகை இறுக்கி, புல்லர் முறுக்கேறி நிற்கும்போது திருகின் தலையில் ஒரு தட்டு. வரவில்லையா, இன்னும் கால் சுற்று இறுக்கி, அப்படியே விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். பாதி நேரம் திரும்பி வரும்போது புல்லி தானாகவே விட்டிருக்கும்.

புல்லி வந்த பிறகு ஷாஃப்டில் அரைநிலா வடிவச் சாவி தெரியும். அதை நேராக மேலே இழுத்தால் வராது. ஒரு ஓரத்தில் சின்ன உளியால் தட்டினால் தன் வட்டப் பள்ளத்திலேயே சுழன்று மறு ஓரம் எழும்பும், அப்போது பிளையரில் எடுத்துவிடலாம். சாவி பாதியாகத் தேய்ந்திருந்தாலோ புல்லியின் சாவிப்பள்ளம் அகன்றிருந்தாலோ, கேட்ட சத்தத்தில் ஒரு பங்கு அதனுடையது. அந்தப் புல்லியைத் திரும்பப் போடாதீர்கள்.

அறிகுறி: நீள போல்ட் திரும்பவில்லை

இரும்பு போல்ட், அலுமினியப் பிராக்கெட்டில் மரை. அடியில் வெள்ளைப்பொடியாகப் பூத்துப் பிடித்திருக்கும். தலையில் ஸ்க்ரூ டிரைவர் வெட்டு மட்டும்தான் என்பதால் ஒருமுறை வழுக்கினால் வெட்டு அழிந்துவிடும். வெட்டின் அகலத்துக்குச் சரியான பிளேடை வைத்து, அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். முன் பிராக்கெட்டில் மரை முடியும் இடத்தில் எண்ணெய் விட்டு, அலுமினியத்தைக் கை பொறுக்காத சூடு வரை சூடாக்கினால் அது இரும்பைவிட அதிகம் விரிந்து விட்டுக்கொடுக்கும். தலை உடைந்துவிட்டாலும் பயமில்லை. கூடு உருவி வந்ததும் நீளமான மிச்சம் கையில் பிடிக்கக் கிடைக்கும்.

புஷ்ஷை வெளியே எடுப்பது

பின் பிராக்கெட்டின் உள்பக்கம் புஷ் ஒரு குருட்டுத் துளையில், அதாவது மறுபக்கம் முழுதாகத் திறக்காத துளையில், உட்கார்ந்திருக்கிறது. பின்னாலிருந்து தட்டி எடுக்க வழியில்லை. குருட்டுத் துளைப் புஷ் என்றாலே கிரீஸ் நிரப்பித் தண்டால் அடித்து எடுப்பார்கள். இங்கே நடுவில் ஆயில் விடும் ஓட்டை இருப்பதால் கிரீஸ் அதன் வழியே பீறிடும், புஷ் அசையாது.

சரியான முறை: துளைக்குள் மரை வெட்டும் கருவியான டேப்பில் 5/8 அங்குல அளவை எடுத்து, சாயாமல் நேராகப் புஷ்ஷுக்குள் சில சுற்று மரை வெட்டி ஏற்றுங்கள். கவ்வியதும் டேப்பின் தலையை வைஸில் பிடித்து, பிராக்கெட்டை மரச்சுத்தியலால் சுற்றிலும் சமமாகத் தட்டினால் புஷ் டேப்போடு கழன்று வரும். டேப் அடித்தட்டில் இடிக்கும்வரை திருப்பாதீர்கள், தட்டு தெறித்துவிடும். டேப்போடு சேர்ந்து புஷ்ஷும் சுற்றினால், புஷ் கூட்டில் தளர்ந்திருக்கிறது. அப்படியே சுற்றியபடி இழுத்தால் வந்துவிடும். ஆனால் புதுப் புஷ் அதே துளையில் நிற்காது. லேத்தில் கொடுத்துத் துளைக்குத் தக்க அளவு பார்க்க வேண்டும்.

புஷ்ஷுக்குப் பின்னால் ஒரு கம்பளி வளையமும் ஒரு அலுமினியத் தட்டும் இருக்கும். கருப்பாகக் களிம்பேறி, குப்பை என்று நினைத்துச் சுரண்டி எறிந்துவிடுவார்கள். ஆயிலைத் தேக்கிப் புஷ்ஷுக்குக் கொடுப்பதே அந்தக் கம்பளிதான். காய்ந்து கல்லாகியிருந்தால் புதுசு போடுங்கள்.

புதுப் புஷ்

இது சாதாரண வெண்கலம் அல்ல. தூளை அழுத்திச் சுட்டுச் செய்த, நுண்துளை நிறைந்த வெண்கலம். ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஓடும்போது கசியவிடும். அதனால் போடுமுன் மெல்லிய எஸ்ஏஇ 20 எஞ்சின் ஆயிலில் முழுக்க மூழ்கும்படி 24 மணி நேரம் வைக்க வேண்டும். அவசரம் என்றால் ஆயிலை 100 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைத்து, ஆறிய பிறகே எடுக்க வேண்டும். ஊறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: புஷ்ஷின் துளையில் ஆயில் நிரப்பி, இரண்டு வாயையும் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அடைத்து அழுத்துங்கள். வெளிச்சுவரில் வியர்வைபோல் ஆயில் முத்து முத்தாக எழும்பும்.

உள்ளே இறக்க, ஷாஃப்டின் அதே விட்டமுள்ள, பளபளவென்று தேய்த்த, புஷ்ஷைத் தள்ளத் தடித்த தோள் வைத்த தண்டு வேண்டும்; லேத் கடையில் கடைந்து வாங்கிக்கொள்ளுங்கள். கம்பளி வளையத்தையும் அலுமினியத் தட்டையும் முதலில் போட்டு, தண்டில் புஷ்ஷைச் செருகி, பிராக்கெட்டின் உள்முகத்தோடு சமமாகும்வரை வைஸிலேயே அழுத்தலாம். தண்டு உள்ளே இருப்பதால் துளை சுருங்காது. போட்ட பிறகு துளையைப் பெரிதாக்கும் ரீமர் விடுவதோ எமரி தேய்ப்பதோ கூடாது. நுண்துளை அடைபட்டால் அந்தப் புஷ் வெறும் வெண்கலத் துண்டு. ஷாஃப்ட் இறுக்கமாக உட்கார்ந்தால் அதே தண்டை இன்னொரு முறை உள்ளே விட்டு எடுங்கள்.

கடையில் புஷ் கிடைக்காமல் கன்மெட்டலில் (கெட்டியான ஒருவகை வெண்கலம்) கடைந்து போடுவதுண்டு. ஓடும், ஆனால் அது ஆயிலைத் தேக்காது. ஆயில் ஓட்டையிலிருந்து ஷாஃப்டுக்கு வரும்படி உள்ளே ஒரு பள்ளம் வெட்டச் சொல்லுங்கள், ஆயிலும் அடிக்கடி விடுங்கள். நுண்துளைப் புஷ் கிடைக்கிறவரை நான் கன்மெட்டல் பக்கம் போகமாட்டேன்.

ஷாஃப்ட் புஷ்ஷில் ஓடிய இடத்தில் நகம் இடறும் அளவு வரிப்பள்ளம் இருந்தால், புதுப் புஷ் போட்டும் பலனில்லை. அதை லேத்தில் காட்டிவிட்டுத்தான் புஷ் வாங்கப் போங்கள்.

பூட்டிய பின் வரும் அறிகுறிகள்

பிரஷ் 9/32 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 7 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். டைனமோவைப் பூட்டியதும் வண்டியில் ஏற்றுமுன் மேஜையிலேயே சோதிக்கலாம்: 'டி', 'எஃப்' இரண்டையும் சேர்த்துப் பேட்டரியின் ஒரு முனையிலும், கூட்டை மறுமுனையிலும் கொடுத்தால் டைனமோ மோட்டாராக மெதுவாக, சீராகச் சுற்ற வேண்டும். விட்டு விட்டுச் சுற்றினால் பிரஷ் உட்காரவில்லை அல்லது ஆர்மேச்சரில் கோளாறு. கரகரத்துத் தடைபட்டுச் சுற்றினால் புஷ் நேராக இறங்கவில்லை.

வண்டியில் ஏற்றியும் சார்ஜ் வரவில்லை என்றால் இரண்டு வயரையும் கழற்றி, 'டி'யையும் 'எஃப்'ஐயும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் பாடிக்கும் நடுவே வோல்ட் மீட்டர் வையுங்கள். எஞ்சின் ஐடிலிலிருந்து மெல்ல ஏறும்போது வோல்டேஜும் சீராக ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தொடவிடாதீர்கள், அதற்காக எஞ்சினை உறுமவைக்கவும் வேண்டாம். ஏறினால் டைனமோ நலம், கோளாறு சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில். ஏறவே இல்லை என்றால் கூட்டில் இருந்த காந்தம் போயிருக்கலாம். 'எஃப்' வயர் கழன்றிருக்கும் நிலையிலேயே, பேட்டரியின் பாடியில் சேராத முனையிலிருந்து ஒரு வயர் எடுத்து, டைனமோவின் 'எஃப்' முனையில் ஓரிரு முறை தொட்டுத் தொட்டு எடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் சேர்ந்த (பாசிட்டிவ் எர்த்) வண்டியா, நெகட்டிவ் முனை சேர்ந்த (நெகட்டிவ் எர்த்) வண்டியா என்பது எப்படி இருந்தாலும் இதே முறைதான், துருவம் அதற்கேற்ப அமைந்துவிடும்.

புதுப் புஷ் போட்டும் கீச்சென்றால் பெல்ட்டைப் பாருங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம், அதாவது 13 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். சத்தம் போகட்டும் என்று பெல்ட்டை விறைப்பாக இறுக்குவதுதான் பழைய புஷ்ஷையும் தின்றது. கிராங்க் புல்லியிலிருந்து டைனமோ புல்லி வரை ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். புல்லி சாய்ந்திருந்தால் மாட்டும் காதின் போல்ட்டைத் தளர்த்தி நேராக்குங்கள்.

பிறகு ஆயில். பின் பிராக்கெட்டின் நடுவில் இருக்கும் ஓட்டையில், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் சில சொட்டு. நிறைய விட்டால் கம்யூட்டேட்டருக்குக் கசிந்து பிரஷ் கருகும். எஞ்சின் ஆயில் மாற்றும் கடையில் இந்த ஓட்டையை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. வண்டியைக் கொடுக்கும்போதே இடத்தைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.